தையல் சாமான்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க, பெட்டி வாங்கினால் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வாடகை வீட்டின் ஒரு மூலையில் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறீர்கள். மிச்சம் விழும் துண்டுகளை இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கவும் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். தையல் பிரிக்கும் ரிப்பர், சாக்பீஸ், அடிநூல் சுற்றும் பாபின், சின்னக் கத்தரி என்று எந்நேரமும் எதையாவது தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் எதையும் வெளியே வைக்கப் பயம். ஆன்லைனில் 36 அறைகள் உள்ள ப்ளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அதை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாலும், தைத்துக்கொண்டிருக்கும்போது கையை நீட்டினால் சாமான் கிடைக்க வேண்டும், வேலை முடிந்ததும் குழந்தை கைக்கு எட்டாமல் போக வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டியை வாங்கலாம். ஆனால் அன்றாடம் கையில் புழங்கும் கருவிகளை அதில் போடாதீர்கள். கொக்கி, பட்டன், பிரிக்காத ஊசிப் பாக்கெட், எலாஸ்டிக் மாதிரி இருப்புச் சரக்கை மட்டும் அதில் வையுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடும் கம்பெனி மெஷினில் தைத்து, பிறகு லைன் சூப்பர்வைசராக இருந்தவள். இப்போது வீட்டிலேயே பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். ப்ளவுஸ், சுடிதார், பனியன் துணி இவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். போர்வைகள் தைத்திருக்கிறேன், ஆனால் அதையே தொழிலாகச் செய்பவர்கள் அளவுக்கு இல்லை. ஆரி வேலையின் பக்கம் நான் போனதில்லை, அதனால் அந்த ஊசி, பீட்ஸ் விஷயத்தை விட்டுவிடுகிறேன்.

முதலில், சாமான் எப்போது தொலைகிறது என்று பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டி தைக்கும்போது தையல் கோணிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை நிறுத்தி, ரிப்பரை எடுத்து, நாலு தையலைப் பிரிக்கிறீர்கள். பிரித்த இடத்தை இடது கை பிடித்துக்கொண்டிருக்கிறது, கண் துணியில் இருக்கிறது. வலது கையில் இருக்கும் ரிப்பர் எங்கே போகும்? மடியில், இல்லாவிட்டால் துணிக்கு அடியில். அப்புறம் காலை மிதித்துத் துணி நகர்ந்ததும் ரிப்பர் மடிப்புக்குள் போய்விடும், எழுந்ததும் கீழே விழும். ரிப்பரை எடுத்தபோது அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. திரும்ப வைக்கும்போதுதான் தொலைந்தது. மூடி போட்ட பெட்டியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும். பாதித் தையலில் இருக்கும் எவரும் அதைச் செய்யமாட்டார்கள், அவர்கள் எவ்வளவு சுத்தக்காரராக இருந்தாலும் சரி. ஆகவே எந்த ஏற்பாட்டையும் நான் ஒரே கேள்வியில் சோதித்துப் பார்ப்பேன்: துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒற்றைக் கையால், இதை அதன் இடத்தில் திரும்ப வைக்க முடிகிறதா? முடிந்தால் அந்த இடம் நிலைக்கும். முடியாவிட்டால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளில் இதை மிகக் கறாராகச் செய்வார்கள். பிசிறு வெட்டும் டிரிம்மரை நாடாவாலோ கயிற்றாலோ மெஷினோடு கட்டியிருப்பார்கள். கூர்மையான சாமான் எதுவும் கட்டில்லாமல் இருக்கக் கூடாது என்பது வெளிநாட்டு வாங்குபவர்கள் போடும் விதி. துணிக்குள் ஒரு கத்திமுனை சிக்கிக்கொண்டு பெட்டிக்குள் போய்விட்டால், அது எங்கோ ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும். ஊசிக்கும் அதே கறார்தான். உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, காகிதத்தில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கையில் வரும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டுத் துணி நகராது. பாதுகாப்புக்காக வந்த விதிதான், ஆனால் அதனால் அங்கே டிரிம்மரை யாரும் தேடுவதில்லை. விட்டால் அது தொங்கும், கையை நீட்டினால் கிடைக்கும். உங்கள் வீட்டிலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். டிரிம்மரின் வளையத்தில் அரை அங்குல எலாஸ்டிக்கை முடிந்து, மெஷின் மேஜையின் ஓரத்தில் கட்டிவிடுங்கள். எலாஸ்டிக்கின் நீளம், டிரிம்மர் ஊசி வரை வர வேண்டும், விட்டால் தரையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். கால் மெஷினாக இருந்தால் பெல்ட் ஓடும் வலது ஓரத்தில் கட்டாதீர்கள், சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

அடுத்து, நாற்காலியில் வழக்கமாக உட்காரும்படி உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையில் சாக்பீஸைப் பிடித்து மேஜை மேல் ஒரு வளைவு போடுங்கள். ஏறத்தாழ ஒன்றே கால் அடி எட்டும். அந்த வளைவுக்குள் இருப்பதை எடுக்க முன்கை மட்டும் அசைந்தால் போதும். அதைத் தாண்டினால் தோள் அசைய வேண்டும், இன்னும் தாண்டினால் உடம்பே சாய வேண்டும். சூப்பர்வைசர் பயிற்சியில் ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். கொத்தனாராக வேலையைத் தொடங்கியவர் அவர். ஒரு செங்கலை வைக்க 18 அசைவுகள் ஆவதைக் கவனித்து, செங்கலையும் கலவையையும் குனியாமல் எடுக்கும் உயரத்தில் வைக்க ஏற்பாடு செய்து, அதை 5 வரை குறைத்துக் காட்டினார். தையலுக்கும் இது அப்படியே பொருந்தும். வளைவுக்குள் எது இருக்க வேண்டும் என்பதை ஒரு ப்ளவுஸ் தைத்து முடிக்கும்வரை உங்கள் கையைக் கவனித்து நீங்களே முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் டிரிம்மர், ரிப்பர், குண்டூசி, சாக்பீஸ் இந்த நாலும்தான் வரும். ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய்க் குப்பி, ஜிப் வைக்கும் ஃபுட் (துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம்) இவையெல்லாம் அந்த வளைவுக்குள் இடம் பிடித்துக்கொண்டிருந்தால் வெளியே தள்ளுங்கள். அவை வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படும் சாமான்கள்.

வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க முடியாது என்பதால், நான் உங்களுக்குச் சொல்லும் முக்கியமான யோசனை பை வைத்த ஒரு மேஜைத் துணி. ஒட்டுத்துணி தைக்கும் உங்களுக்கு இது ஒரு மத்தியான வேலை. மெஷினுக்கு அடியில் போகிற அளவுக்கு ஒரு துணி, அதன் முன்பக்கம் மேஜை ஓரத்தில் 6 அங்குலம் தொங்கட்டும், அந்தத் தொங்கலில் வரிசையாகப் பைகள். மெஷினின் எடையே துணியைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் மேஜைக்குள் பதிந்திருக்கும் வகை என்றால் துணியை நாடா வைத்து மேஜைக் கால்களில் கட்டலாம். 6 அங்குலத்துக்கு மேல் தொங்கவிட்டால் முழங்காலில் இடிக்கும். பையின் ஆழத்தைக் கருவியை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கருவியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போக வேண்டும், பிடி வெளியே தெரிய வேண்டும். முழுவதும் உள்ளே போனால் அந்தப் பையைத் துழாவ வேண்டி வரும், மறுபடியும் தேடல்தான். பையின் அடிப்பாகத்துக்குப் பழைய ஜீன்ஸ் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தால் ரிப்பர் முனை குத்தி வெளியே வராது. பைக்குப் பை வேறு நிறம் வைத்தால் கொஞ்ச நாளில் கை தானாகப் போகும். குழந்தை உள்ள வீட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தைத்து முடித்ததும் தொங்கும் பகுதியை மேலே மடித்து மெஷின்மேல் போட்டு, அதன்மேல் மெஷின் மூடியை வைத்துவிடலாம். எல்லாக் கருவிகளும் ஒரே அசைவில் உள்ளே போய்விடும். அப்படி மடிக்கும்போது எதுவும் நழுவாதபடி பைகளின் வாயில் ஒரு எலாஸ்டிக் ஓட்டிவிடுங்கள். ஆனால் ஒன்று, உயரமான நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து தைக்கும்போதே குழந்தை தரையிலிருந்து அந்தப் பைகளை எட்டிப் பிடிக்கும். அந்த நேரத்தில் குழந்தை அந்த மூலைக்கு வராமல் இருக்க வேறு வழி செய்ய வேண்டும், பை அதைத் தீர்க்காது.

குண்டூசிக்கும் கை ஊசிக்கும் குஷன்தான் நல்லது, டப்பா வேண்டாம். டப்பாவில் போட்ட குண்டூசியை எடுக்கப் போனால் விரலில் குத்தும், ஒன்றுக்கு மூன்றாக வரும். குஷனுக்குள் எதை அடைப்பது என்பது முக்கியம். பருத்திப் பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல்காற்று அடிக்கும் ஊர்களில் பஞ்சுக் குஷனில் மாதக்கணக்கில் குத்தி வைத்த ஊசி துருப்பிடிக்கும், அந்தத் துரு பட்டுத் துணியில் புள்ளியாக இறங்கும். இலவம்பஞ்சின் இழைமேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருக்கிறது, அது தண்ணீரைச் சேர்க்காது, அதனால் நான் அதையே அடைக்கிறேன். தலைமுடி அடைத்த குஷன்களும் உண்டு, முடியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஊசியைக் காக்கும் என்பதற்காக. வெளிநாட்டில் தக்காளி வடிவக் குஷனோடு ஒரு குட்டி ஸ்ட்ராபெர்ரியும் தொங்குமே, அதற்குள் இருப்பது எமரித் தூள், உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பான பொடி. ஊசியை அதில் நாலு முறை குத்தி எடுத்தால் மேலே படிந்த லேசான துரு போகும். கை ஊசியைக் கொஞ்ச நாள் தொடப்போவதில்லை என்றால் குஷனிலிருந்து எடுத்து அதன் பாக்கெட்டிலேயே போட்டுவிடுங்கள். போனி என்று அச்சிட்ட பாக்கெட் உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கலாம். 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி நீலகிரியில் கேத்தியில் செய்யும் ஊசி அது. நம் மலையில் செய்த ஊசியால் தைக்கிறோம் என்று வகுப்பில் சொல்லும்போது எனக்கே ஒரு சந்தோஷம்.

மெஷின் ஊசியில்தான் பலர் குழம்புகிறார்கள். கை ஊசியில் நம்பர் கூடினால் ஊசி மெல்லிசாகும், மெஷின் ஊசியில் நம்பர் கூடினால் தடிப்பாகும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு, மேலே நம்பர் மட்டும் எழுதி வைத்தால் குழப்பம்தான். பட்டு, ஜார்ஜெட்டுக்கு 11, சாதாரணக் காட்டன் ப்ளவுஸுக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18 என்று நாலு நம்பர் ஊசிகள் வீட்டில் இருக்கும். பாதி உபயோகித்து, இன்னும் கூர் மழுங்காத ஊசியைக் கழற்றினால் எங்கே வைப்பது? அதைப் பாக்கெட்டில் திரும்பப் போட்டால் புதுசோடு கலந்துவிடும். ஒரு வட்டக் குஷனை நூலால் நாலு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் துணி பேனாவால் நம்பர் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய ஊசிக்கு அதுதான் இடம். இப்போது மெஷினில் இருப்பது எந்த ஊசி என்று நினைவில் வைத்துக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. கடைசியாக எந்தத் துணி தைத்தீர்களோ அதில் ஒரு துண்டை ஃபுட்டுக்கு அடியில் வைத்து அமுக்கி விடுங்கள். பனியன் துணித் துண்டு இருந்தால் முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் ஒழுகினாலும் அந்தத் துண்டே உறிஞ்சிக்கொள்ளும். வீட்டு மெஷின் ஊசியின் மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மெஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை. உங்களிடம் இரண்டு வகை மெஷினும் இருந்தால் இவற்றை ஒரே இடத்தில் வைக்கவே கூடாது.

ஊசியை எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்று என்று ஒரு கணக்கு எங்கும் சுற்றுகிறது. அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. சம்கி வைத்த துணியில் ஒரு மணி நேரத்தில் முனை போகும், மெல்லிய காட்டனில் நாள்கணக்கில் வரும். தைக்கும்போது டிக் டிக் என்று துணி குத்தும் சத்தம் கேட்டாலோ, தையல் விட்டுவிட்டு விழுந்தாலோ, இழை இழுத்தாலோ மாற்றுங்கள். இது நிச்சயம். மாற்றிய ஊசியையும் உடைந்த துண்டையும் குப்பையில் போடாமல், மூடி இறுகும் ஒரு மாத்திரைக் குப்பியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். குப்பி நிறைந்தால் மூடியை டேப் சுற்றிவிட்டுப் போடலாம். குப்பை அள்ளுபவரின் கையில் குத்தாது.

பாபின் விஷயத்தில் நூல் நுனி அவிழ்ந்து ஒன்றோடு ஒன்று சிக்குவதுதான் தொல்லை. கடையில் பாபின் க்ளிப் என்று விற்பார்கள். அதற்குப் பதில் ஹார்ட்வேர் கடையில் முக்கால் அங்குல உள்விட்டம் உள்ள ப்ளாஸ்டிக் குழாய் ஒரு அடி வாங்கி, பாபின் உயரத்துக்கு வளையம் வளையமாக அறுத்து, ஒவ்வொரு வளையத்தையும் ஒரு இடத்தில் வெட்டி வாய் திறந்துவிடுங்கள். வீட்டு மெஷின் பாபினின் விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர், குழாய் 19. வளையம் கொஞ்சம் விரிந்து பாபினைக் கவ்விக்கொள்ளும், நூல் அசையாது. பாபினை நூல்கண்டோடு ஜோடியாக வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். கண்டின் துளையில் ஒரு ஐஸ் குச்சியைச் செருகி, அதன் மேல்முனையில் அதே நிறப் பாபினை மாட்டிவிட்டால் மெரூன் கண்டு எங்கே, மெரூன் பாபின் எங்கே என்று இரண்டு இடத்தில் தேட வேண்டாம். பழைய கறுப்பு மெஷின் பாபினையும் பவர் மெஷின் பாபினையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். உயரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். மாற்றிப் போட்டால் அடிநூல் இறுக்கம் கெட்டு, மெஷினைக் குறை சொல்லிக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். அக்கம்பக்கத்தில் பாபின் கடன் வாங்கியிருந்தால் அதை முதலில் ஒதுக்குங்கள்.

துணி வெட்டும் சாமான்களை மெஷின் சாமான்களோடு சேர்க்காமல் தனி ட்ரேயில் வையுங்கள். நம் வீடுகளில் வெட்டுவது பெரும்பாலும் தரையில்தான். பெரிய கத்தரி, இன்ச் டேப், ஸ்கேல், சாக்பீஸ் எல்லாம் ஒரு ட்ரேயோடு தரைக்கு இறங்கி, வெட்டி முடித்ததும் ட்ரேயோடு பீரோ மேல் ஏறிவிட வேண்டும். இதற்காக சாக்பீஸும் இன்ச் டேப்பும் இரண்டிரண்டு வாங்குவது வீண் செலவில்லை. மெஷினில் ஒன்று, ட்ரேயில் ஒன்று. விலை குறைந்த சாமானை இரண்டாக வைத்துக்கொள்வது நடையை மிச்சப்படுத்தும். மெஷினில் டேப் தொங்கவே வேண்டாம் என்றால், ஒரு பழைய டேப்பில் முதல் 24 அங்குலத்தை வெட்டி மேஜையின் முன் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். கைமடிப்பு அளவு, கொக்கி இடைவெளி எல்லாம் துணியை அதன்மேல் வைத்தே பார்த்துக்கொள்ளலாம். ஒட்டும் முன் இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள், பழைய துணி டேப்புகள் இழுபட்டு நீண்டிருக்கும். சாக்பீஸுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா போதும். பைக்குள் சும்மா போட்டால் தூள் எல்லாக் கருவியிலும் அப்பிக்கொண்டு, வெள்ளைப் பட்டில் நீலக் கறையாக வரும்.

பெரிய கத்தரி ஒன்றே ஒன்று போதும், நல்லதாக இருக்கட்டும். மீரட்டில் செய்யும் கனமான கத்தரிகளைச் சாணை பிடித்துப் பிடித்துப் பல வருஷம் ஓட்டலாம். 2013இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் பிடியில் சிவப்பு நூலைச் சுற்றி, இது துணிக்கு மட்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். காகிதத்தில் களிமண், சுண்ணாம்பு மாதிரிப் பொருள்கள் கலந்திருப்பதால் அது விளிம்பைத் தேய்க்கும். அதைவிட மோசம், கத்தரி கீழே விழுவது. ஒருமுறை விழுந்தால் இரண்டு அலகும் சேரும் கோடு விலகி, நுனியில் வெட்டாமல் மெல்ல ஆரம்பிக்கும். அதனால் மெஷின் மேஜை ஓரத்தில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

காந்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய வளையக் காந்தம் பல டெய்லர் கடைகளில் கிடக்கும். குண்டூசி சிதறினால் தரையில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு மெஷினின் உடம்பு வார்ப்பிரும்பு என்பதால் காந்தம் அதன்மேலேயே ஒட்டி நிற்கும், குண்டூசியை உருவி உருவி அதில் போடலாம், மேஜையில் இடமும் பிடிக்காது. ஊசி இறங்கும் இடத்துக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள். காந்தத்தில் நாள்கணக்கில் ஒட்டியிருந்த குண்டூசியும் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டும், அதனால் இரவில் குஷனுக்கு மாற்றிவிடுங்கள். திரை வைத்த கம்ப்யூட்டர் மெஷின் அருகே காந்தம் ஆகாது என்று சிலர் சொல்வார்கள், ஒன்றும் ஆகாது என்று சிலர். இதில் தையல்காரர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, உங்கள் மெஷினோடு வந்த கையேடு சொல்வதைக் கேளுங்கள். ஆனால் வேறொரு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். பொத்தான் அளவில் வரும் பளபளப்பான சக்தி வாய்ந்த காந்தங்கள் உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. குழந்தை அதில் இரண்டை விழுங்கினால், அவை குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்து ஒன்றையொன்று இழுத்து நடுவில் உள்ள சதையை நசுக்கி ஓட்டை போட்டுவிடும், அறுவைச் சிகிச்சை வரை போகும். ஆன்லைனில் விற்கும் குஷன்கள், கைப்பட்டைகள் சிலவற்றில் இவை உள்ளே தைக்கப்பட்டிருக்கும். வாங்கும்முன் பாருங்கள். ஒரே பெரிய வளையக் காந்தம் என்றால் பயமில்லை. குண்டூசிகளையும் எண்ணி வையுங்கள். குஷனில் 20 தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, மெஷினை மூடும்போது எண்ணுங்கள். 19 இருந்தால் தேடி எடுத்த பிறகுதான் குழந்தையைத் தரையில் விட வேண்டும். நிறத் தலை வைத்த குண்டூசி தரையில் பளிச்சென்று தெரியும். கண்ணாடித் தலையாகப் பார்த்து வாங்கினால் இஸ்திரிப் பெட்டி பட்டாலும் உருகாது, ப்ளாஸ்டிக் தலை துணியில் ஒட்டிவிடும்.

இனி அந்தப் பெட்டி. அதன் அறைத் தடுப்புகள் மூடியைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். பல பெட்டிகளில் ஒரு நூலிழை இடைவெளி இருக்கும், பெட்டி சாய்ந்தால் கொக்கியும் ஊசியும் அறை விட்டு அறை தாண்டும். வந்ததும் ஒரு அறையில் நாலு ப்ளவுஸ் கொக்கியைப் போட்டுக் கவிழ்த்து ஆட்டிப் பாருங்கள், தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அறைகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவதைவிட, உள்ளே இருப்பதில் ஒன்றை மூடிமேல் ஒட்டுவது வேகமாகக் கண்ணில் படும். பெட்டி வாங்கும்வரை, வீட்டில் சும்மா இருக்கும் பழைய அஞ்சறைப் பெட்டியை எடுத்துப் பாருங்களேன். கொக்கி தைக்க உட்காரும்போது கொக்கிக் கிண்ணத்தை மட்டும் எடுத்து மடியருகே வைத்துக்கொள்ளலாம். 36 அறைப் பெட்டியில் ஒரு அறையை மட்டும் எடுத்துவர முடியாது.

சாமானை வகைவாரியாகப் பிரிக்காமல் வேலைவாரியாகச் சேர்ப்பதும் மிகவும் உதவும். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க ஒரு பை: மெல்லிய கை ஊசி இரண்டு, குண்டூசி கொஞ்சம், ஒரு சின்னக் கத்தரி, வழக்கமாக வரும் நிறங்களில் நூல். கொக்கி, காஜாவுக்கு இன்னொரு பை. கைவேலை செய்யும்போது நாம் மெஷின் அருகில் உட்காருவதில்லை, வெளிச்சம் வரும் வாசலிலோ டிவி முன்னாலோ உட்காருகிறோம். பையே கூட வந்துவிட்டால் மெஷினில் கட்டிய டிரிம்மரை அவிழ்த்துக்கொண்டு போகும் ஆசை வராது.

போர்வைக்கு இரண்டே விஷயம். பல அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கக் குண்டூசியைவிடத் துணி க்ளிப்கள் நல்லது. கீழே விழுந்தாலும் காலில் குத்தாது, குழந்தை உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அடுக்குகளை நடுவில் பிடிக்க மட்டும் க்ளிப் எட்டாது, அங்கே கை ஊசியால் நீளத் தையல் ஓட்டிக்கொள்ளுங்கள். உருளை பிளேடு உள்ள ரோட்டரி கட்டர் வாங்கியிருந்தால், ஒவ்வொரு கோடு வெட்டியதும் உறையை மூடிவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும், அடுத்த கோட்டை உடனே வெட்டப்போகிறீர்கள் என்றாலும்கூட. அது கத்தரியைவிட ஆழமாக வெட்டும். அதன் இடம் பீரோ மேல் ட்ரேதான், மேஜைப் பையில் வேண்டாம். தையல் பிரிக்கப் பாதி உடைத்த ஷேவிங் பிளேடு வைத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் அது இருந்தால் இன்றே ஊசிக் குப்பியில் போட்டுவிடுங்கள், ரிப்பர் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யக் கிளம்ப வேண்டாம். டிரிம்மரைக் கட்டுவதையும் குண்டூசி எண்ணுவதையும் இன்று தொடங்குங்கள், பைத் துணியை அடுத்த வாரம் தைக்கலாம். உங்களுடையது கால் மெஷினா மோட்டார் வைத்ததா, மேஜையின் அகலம் என்ன, எந்தப் பக்கம் சுவர், நீங்கள் வலது கையா இடது கையா என்று கீழே எழுதுங்கள். பைகளை எந்தப் பக்கம், எத்தனை அங்குலத்தில் வெட்டலாம் என்று அளவோடு சொல்கிறேன்.